பாட்டிலுக்கு வைத்த பொட்டு

"ஏ மல்லிகா, இன்னா பண்றே?"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என் மனைவி அசையவில்லை. இடது கையில் சந்தனக் கிண்ணம், வலது கை மோதிர விரலில் சந்தனம். அந்த விரல் என் இடுப்புப் பையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

ஆயுத பூஜை காலை. முதல் நாள் மழையில் வாசல் இன்னும் ஈரமாக இருந்தது. எளாவூர் செக்போஸ்ட் பக்கம் லாரிகள் முகப்பில் வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டுக்கு முன்னால் என் ஸ்பேனர் செட், சுத்தியல், அரிவாள்மனை, மல்லிகாவின் தையல் மெஷின் எல்லாம் குளிப்பாட்டி உட்கார வைத்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. பாக்கி என் இடுப்புப் பைக்குள் இருந்த மருந்து பாட்டில் மட்டும்தான்.

"இதுக்குமா?"

"இதுக்குந்தான். காட்டு."

"நோவுக்கு எவனாவது பொட்டு வைப்பானா?"

"நோவுக்கு யாரு வச்சா? மருந்துக்கு வைக்கிறேன். ஸ்பேனரு உனுக்கு சோறு போட்டுச்சி, வருஷா வருஷம் வைக்கிறோம். இது உசுரக் காப்பாத்துது. வச்சா இன்னா தப்பு?"

பதில் தெரியாத இடத்தில் எனக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் வாய் நீளும்.

"ஆயுதம்னா இன்னிக்கு ஓயணும்மே. அதோ பார், எல்லாம் கம்முனு படுத்துக்கினு கீது. இது ஓடிக்கினே கீது. ஓடறதுக்கு எப்படி பூஜை பண்ணுவே? போ, போய் சுண்டலப் பாரு."

அவள் விரல் அந்தரத்தில் நின்றது. ஏதோ யோசித்தாள். பிறகு கிண்ணத்தோடு சமையலறைக்குப் போய்விட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பலூன் சமாச்சாரம்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பிரிக்கிறீர்கள் என்றால், நான் யார் என்று இரண்டு வரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். சங்கத்துக்கு நோட்டீஸ் எழுதிப் பழகிய கை, அதனால் இந்தப் பக்கங்களையும் எழுதுகிறது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அறுத்து எடுத்து, இப்போது கீமோ நடக்கிறது.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் படுக்க வைத்து மருந்து ஏற்றுவார்கள். அது முடிந்ததும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலை மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பாட்டிலுக்குள் ஒரு பலூன். பலூனுக்குள் மருந்து. பலூன் சுருங்கச் சுருங்க மருந்து குழாய் வழியாக வந்து, கழுத்துப்பட்டை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் புதைத்து வைத்திருக்கும் சின்ன வாசலுக்குள் இறங்கும். இரண்டு நாள் ஆகும். கரண்டு வேண்டாம், பேட்டரி வேண்டாம், சத்தமே கிடையாது.

அந்தச் சத்தமில்லாததுதான் எனக்குப் பெரிய பேஜாரு. வாழ்நாள் முழுக்க மெஷின் ஓடுகிறதா இல்லையா என்று காதால் கேட்டுத் தெரிந்துகொண்டவன் நான். இது ஓடுகிறதா, நின்றுவிட்டதா, ஒன்றும் தெரியாது. பலூனைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும்.

குழாயில் ஒரு வெள்ளை கிளிப் உண்டு. "எங்கயாவது ஒழுகினா மட்டும் இத மூடிட்டு எங்களுக்கு போன் பண்ணுங்க. மத்தபடி தொடவே தொடாதீங்க" என்று நர்ஸ் எங்கள் இருவரிடமும் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தத் தடவை பாட்டில் எங்களுக்கு உயிராக இருந்தது. ரத்தத்தில் அணுக்கள் குறைந்து போனதால் அந்தச் சுற்றையே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இந்த ஒரு பாட்டில் ஒழுங்காகக் காலியானால் ஸ்கேன் எடுக்கலாம், நோய் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது என்று மல்லிகா கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தாள்.

பாசிட்டிவா இருங்க

போன வாரம் முடி கொட்டிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எப்படி ஐயா இவ்வளவு பாசிட்டிவாக இருக்கிறீர்கள்?"

அட, நானா?

எனக்கே புரியாத விஷயம் இது. ரிப்போர்ட் நல்லபடியாக வந்த அன்று வீட்டுக்கு வந்து மல்லிகாவிடம் ரசத்தில் உப்பில்லை என்று பெரிய சண்டை போட்டேன். ரிப்போர்ட் மோசமாக வந்த அன்று ஸ்டேஷன் பக்கம் இறங்கி ஒரு பிளேட் பிரியாணியை வெளுத்துக் கட்டினேன். எது தைரியம், எது பயம் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வது அதே வார்த்தைதான். டீக்கடைக்காரர் சொல்கிறார், மருந்துக்கடைப் பையன் சொல்கிறான். பொதட்டூர்பேட்டையில் இருக்கும் மச்சான் தினமும் விடிந்ததும் ரோஜாப்பூ படத்தோடு அனுப்புகிறார். ஒரு நாள் போன் செய்து கேட்டேவிட்டேன்.

"மச்சான், பாசிட்டிவா இருன்னு சொல்றியே, எப்படி இருக்கணும்? சிரிச்சிக்கினே இருக்கணுமா?"

"அப்டி இல்ல மாமா. மனச லேசா வச்சிக்கணும்."

"எப்படி லேசா வச்சிக்கிறது?"

அவரும் யோசித்தார். "நான் வேணா நாளைக்கு வேற படம் அனுப்பறேன்" என்றார். மறுநாள் தாமரைப்பூ வந்தது.

மனதை விடுங்கள், கையைக் கேளுங்கள். இந்த மருந்து உடம்பில் இருக்கும் நாட்களில் குளிர்ச்சியாக எதையும் தொடக்கூடாது. தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கும். முதல் தடவை தெரியாமல் பிரிட்ஜுக்குள் கையை விட்டு பால் பாக்கெட்டை எடுத்துவிட்டு, கரண்டு லீக்காகிறது என்று மெயினை ஆஃப் பண்ணச் சொல்லி ஊரைக் கூட்டினேன். தண்ணீர்கூட வெதுவெதுப்பாகத்தான் குடிக்க வேண்டும். அதெல்லாம் போகட்டும். இரும்பைத் தொட முடியவில்லை. காலை நேரத்து ஸ்பேனரை எடுத்தால் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை ஊசி ஏறுகிறது. இரும்பைத் தொட முடியாதவன் என்ன ஃபிட்டர்? அழுகையே வந்தது. அன்றைக்கு மச்சான் அனுப்பிய ரோஜாவை அழித்துவிட்டேன்.

ஏழுமலை வந்தான்

பூஜை காலைக்கு வருகிறேன். சண்டை முடிந்து சற்று நேரத்தில் மல்லிகா ஒரு துணியோடு வந்தாள்.

"பைய குடு. வெளிய வேர்வையா கீது, தொடச்சித் தர்றேன்."

நான் நாற்காலியில் சாய்ந்தபடி இடுப்பைக் காட்டினேன். கண் அசந்து வந்தது. அவள் பாட்டிலை வெளியே எடுத்தாள், துடைத்தாள், ஏதோ செய்தாள், திரும்ப வைத்து ஜிப்பை மூடினாள். நான் பார்க்கவில்லை.

வாசலில் ஹாரன். ஏழுமலை பைக்கில் வந்து நின்றான். பல வருஷமாக என்னோடு ஷிப்ட் பார்த்தவன். என்னை நைனா என்றுதான் கூப்பிடுவான்.

"நைனா, வா. கம்பெனியில பூஜை ஆரம்பிக்கப் போறாங்க. நீ இல்லாம எப்படி?"

"இரு, கற்பூரம் காட்டிட்டு அனுப்பறேன்" என்று மல்லிகா உள்ளேயிருந்து கத்தினாள். "கொஞ்ச நேரம் இருய்யா!"

எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதோடு, கம்பெனியில் என்னைத் தேடுகிறார்கள் என்று கேட்டதும் கால் தரையில் நிற்கவில்லை. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, கையுறையைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு பைக்கில் ஏறிவிட்டேன். போனை சார்ஜில் போட்டதுகூட நினைவில்லை. மல்லிகா வாசலுக்கு ஓடி வந்து என்னவோ சொன்னாள். ஒரு லாரி ஹாரனில் அது கேட்கவில்லை.

ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஏழுமலை வளைத்து வளைத்து ஓட்டினான்.

நிற்காத பம்பு

வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனி மௌனமாக இருக்கும். அன்றைக்குக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு வரலாம். பெண்டாட்டி பிள்ளைகளுக்கு ஆளாளுக்குத் தன் மெஷினைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கிரேனுக்கு மாலை, லேத்துக்கு மாவிலை. பீகார்ப் பையன்கள் கலர் காகிதம் ஒட்டியிருந்தார்கள். எண்ணெய் வாசனையும் சாம்பிராணி வாசனையும் கலந்து அடித்தது.

என்னைப் பார்த்ததும் எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்தினார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் ஓடிப் போய் நாற்காலி கொண்டுவந்தார். இத்தனை வருஷத்தில் அந்த ஷெட்டில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. உட்கார்ந்தால் நோயாளி, உட்காராவிட்டால் திமிர். அரை மனதோடு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழுமலைதான் காப்பாற்றினான். சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினான்.

"உன் பம்பு நைனா. நீயே வை. வேற யாரையும் தொட உடல."

எங்கள் கம்பெனியில் இரும்பு உருக்கும் உலை இருக்கிறது. உலையை அணைத்தாலும் அதன் சூடு லேசில் அடங்காது. அதைச் சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் உலையைச் சுற்றியிருக்கும் செப்புச் சுருள் உருகி எல்லாம் போச்சு. அதனால் தீபாவளியோ பொங்கலோ ஆயுத பூஜையோ, எல்லா மெஷினும் படுத்தாலும் அந்தத் தண்ணீர் பம்பு மட்டும் படுக்காது. ஓடும்போதே அதற்குப் பொட்டு வைப்பது என் வேலை. சுழலும் பக்கம் கை போகாமல் உடம்புப் பக்கமாக வைக்க வேண்டும்.

பம்புக்கு முன்னால் குனிந்தேன். சந்தனத்தைத் தொட்டேன். அப்போதுதான் காலையில் மல்லிகாவிடம் சொன்னது காதில் விழுந்தது. ஓடறதுக்கு எப்படி பூஜை பண்ணுவே? அடப்பாவி, வருஷா வருஷம் ஓடுகிற பம்புக்குப் பூஜை பண்ணுகிறவனே நான்தானே! அது எப்படி எனக்கு மறந்து போனது? ஒன்றும் புரியாமல் கிண்ணத்தோடு நின்றேன்.

கையுறை போட்டுக்கொண்டுதான் பொட்டு வைத்தேன். பம்பின் உடம்பு தண்ணீர் ஓடி ஜில்லென்று இருக்கும், வெறும் கையால் தொட முடியாது. பொட்டு கோணலாக அப்பிக்கொண்டது. "இன்னா நைனா, பம்புக்கு மருதாணியா?" என்று யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பம்பின் அதிர்வு கையுறை வழியாக உள்ளங்கைக்கு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் நானாக இருந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஷெட் வாசலில் ஒரு குரல்.

"பைய தொற! பைய தொறய்யா!"

மல்லிகா. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி கேட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள். தலை கலைந்து, விரலில் காய்ந்த சந்தனத்தோடு. பேச மூச்சு வரவில்லை. என் ஜிப்பை அவளே இழுத்துத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தாள்.

வெள்ளை கிளிப் மூடியிருந்தது. பாட்டிலின் அடியில், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், சின்னதாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

"நீதானே சொன்னே, ஆயுதம்னா இன்னிக்கு ஓயணும்னு" என்றாள். "சாமி குத்தம் ஆயிடப் போவுதுன்னு பயந்துட்டேன். கற்பூரம் காட்ற வரிக்கும் மூடி வச்சிட்டு, ஒடனே தொறந்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ பைக்ல ஏறிப் பூட்டே. போனும் ஊட்லயே கீது. இம்மா நேரம் மூடிக் கெடந்துதே, இப்ப நான் தொறந்தா இன்னா ஆவுமோன்னு…" அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவளைத் திட்ட வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? என் வாயில் வந்ததைத்தானே அவள் செய்திருக்கிறாள்? மூடிக்கொண்டேன்.

கோடு

ஏழுமலையின் போனில் ஆஸ்பத்திரிக்குப் பேசினோம்.

"சிஸ்டர், கிளிப்ப மூடிட்டோம்."

"ஐயோ, ஒழுகுச்சா?"

"இல்ல சிஸ்டர். ஆயுத பூஜைக்கு."

"எங்க வார்டுலயும் இன்னிக்கு பூஜைதான் சார். நாங்க எதையும் மூடலையே" என்றார். பிறகு அவர் குரல் மாறியது. நெஞ்சில் வலி இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா, ஈரம் தெரிகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். "கிளிப்ப மெதுவா தொறங்க. உள்ள அடைச்சிருந்தா மருந்து இறங்காது. சாயங்காலத்துக்குள்ள பலூன் சுருங்கலன்னா, ஒரு நிமிஷம்கூட நிக்காம கிளம்பி இங்க வந்துடுங்க."

கிளிப்பைத் திறந்தேன். ஒன்றும் ஆகவில்லை. சத்தம் இல்லை, அசைவு இல்லை. ஓடுகிறதா, அடைத்துக்கொண்டதா? எனக்குத் தெரியவில்லை, யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மெயின்டனன்ஸ் ஆட்கள் மொத்தமும் என் இடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவன் டார்ச் அடிக்கிறான். ஒருவன் காதை வைத்துக் கேட்கிறான். ஒருவன் "லைன்ல ஏர் கோத்துக்கிச்சா?" என்கிறான். "தட்டிப் பாக்கலாமா?" என்றவனை மல்லிகா முறைத்த முறைப்பில் அவன் எழுந்து போய்விட்டான். ஏழுமலை பாட்டிலைத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, பலூனின் விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கர் பேனாவால் மெல்லிசாக ஒரு கோடு போட்டான்.

"இனிமே கோட்டப் பாத்தா போதும். யாரும் நைனாவ பேஜார் பண்ணாதீங்க" என்று எல்லோரையும் விரட்டினான். பைக்கைத் திருப்பி கேட்டைப் பார்த்து நிறுத்திவிட்டு வந்தான். கார் வைத்திருந்த ஒருவரிடமும் சொல்லி வைத்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். இப்போது அது நோயாளி நாற்காலியாகத் தெரியவில்லை. மல்லிகா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். யாரோ பொங்கலும் சுண்டலும் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு பேரும் தொடவில்லை. எதிரில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பம்பைக் காட்டினாள். "இது ஓடிக்கினே கீதே. இதுக்கு பொட்டு வச்சிக்கிறாங்க?"

"ஆமா."

"யாரு வச்சா?"

"நான்தான்."

"போன வருஷம்?"

"நான்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். பம்பைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீ ஒரு ஆளு" என்றாள். அவ்வளவுதான். இதை எழுதுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டபோதும் ஒரே நிபந்தனைதான் போட்டாள், நான் கத்தியதையும் எழுத வேண்டும் என்று. எழுதிவிட்டேன்.

பாசிட்டிவாக இருந்தேனா என்று கேட்காதீர்கள். ஒரு பாட்டிலை ஒரு பூஜையில் தொலைத்துவிட்டேனே என்று நினைத்தேன். ஸ்கேன் இன்னும் தள்ளிப் போகுமே என்று நினைத்தேன். நடுவில், சம்பந்தமே இல்லாமல், பம்பு சத்தம் நன்றாக இருக்கிறதே, பேரிங் மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறதே என்றும் நினைத்தேன். எல்லாம் ஒரே மண்டையில்தான்.

கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் சாய்ந்து இறங்கத் தொடங்கியபோது ஏழுமலை டார்ச்சோடு வந்தான். குனிந்தான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். மல்லிகா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா" என்றான். "கோட்ட உட்டு எறங்கிக்கிது."

"ஒழுங்கா பாருடா!"

"நீயே பாரு."

பார்த்தேன். கோட்டுக்கும் பலூன் விளிம்புக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. ஒரே ஒரு மயிரிழை. "ஓடுது!" என்று ஏழுமலை போட்ட கூச்சலில் கேண்டீன் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் ஓடி வந்தார்கள். விசில் அடித்தார்கள். எந்த மெஷின் ஓடியதற்கும் எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு விசில் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயில் சிரிப்பு. மல்லிகா கைகூப்பிக்கொண்டு பம்பைப் பார்த்தா, பாட்டிலைப் பார்த்தா என்று தெரியாமல் நின்றாள்.

நான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். ஏழுமலை துடைத்த துடைப்பில் அடியிலிருந்த பொட்டு அழிந்து போயிருந்தது. பாட்டிலை மல்லிகாவிடம் நீட்டினேன்.

"வை."

"வாணாம்யா. நான் தொட மாட்டேன்."

"ஓடறதுக்கு ஓடறப்பவே வைக்கலாம். வை."

"நின்னுடாதே?"

"நிக்காது."

பம்பின் பக்கத்திலிருந்த கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். பாட்டிலுக்கு வலிக்கக்கூடாது என்பது மாதிரி மெதுவாக ஒரு பொட்டு வைத்தாள். விரலில் மிச்சம் இருந்ததை என் நெற்றியில் வைத்தாள். சந்தனம் ஜில்லென்று இருந்தது, நெற்றியெல்லாம் ஊசி குத்தியது. நான் அசையவில்லை.

"நிக்காத" என்றாள்.

பாட்டிலிடம் சொன்னாளா, என்னிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. "சரி" என்று நான்தான் சொன்னேன்.